சேனை தொட்ட விரல்

செண்பகவல்லியின் வலது கையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கை என்னவோ அவள் தோளில்தான் இருந்தது. சோறு பிசைந்தது, தலை வாரியது, கொசு அடித்தது. ஆனால் அந்தக் கையால் இன்னொரு மனித உடம்பைத் தொடக்கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். போட்டதும் அதே கைதான். வெளியே கிளம்பினால் முழங்கை வரைக்கும் உறை. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் முதலில் உறையைப் பற்றித்தான் கேட்டார்கள். பதிலைக் கேட்டுவிட்டு, தட்டில் இருந்த கேசரியை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள். நாலாவது வீட்டாருக்கு அவள் கேசரி கிண்டவில்லை.

எல்லாம் அந்த வேலையால் வந்தது. வைப்பாறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, உப்பளங்களுக்கு நடுவே, தரைக்கு அடியில் ஒரு வைப்பகம் இருந்தது. ஓய்ந்துபோன கொள்ளைநோய்களின் கிருமிகளை அங்கே பனியில் உறைய வைத்திருந்தார்கள். செங்காய்ச்சல் கிருமியும் அங்கேதான், அது திரும்பி வந்தால் ஊசிமருந்து செய்யத் தேவையான மூலவித்தும் அங்கேதான். நோயையும் மருந்தையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

பூட்டு என்றால் சாதாரணப் பூட்டு இல்லை. எண்பூட்டு, கண்பூட்டு, முகப்பூட்டு எல்லாவற்றையும் அரசாங்கம் வைத்துப் பார்த்துவிட்டது. மின்சாரம் ஓடுகிற எதை வைத்தாலும், எங்கோ ஒரு தேசத்தில் டீ குடித்துக்கொண்டே எவனோ ஒருவன் திறந்துவிடுகிறான். அதனால் உயிருள்ள பூட்டு ஒன்றை வளர்த்தார்கள். கதவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமான ஒரு சவ்வு. ஐந்து பேரின் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு வகைக் கிருமியைக் குடியேற்றி, அந்த ஐந்து கிருமிகளோடு சேர்த்தே சவ்வை மூன்று வருஷம் வளர்த்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் கை வைத்தால் சவ்வு சுருங்கும், கதவு திறக்கும். வேறு யார் கை வைத்தாலும் அது சும்மா கிடக்கும். கையை வெட்டிக் கொண்டுபோனாலும் பயனில்லை. உயிர்ச்சூடும் வியர்வையும் வேண்டும்.

சாவிக்காரர்கள் என்று அந்த ஐந்து பேருக்குப் பெயர். செண்பகவல்லி மூன்றாவது சாவி.

ஆவணி மாதத்து ஒரு காலையில், பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் டாக்டர் ஆல்வின் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், ஐம்பது தாண்டியவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"உங்க தம்பி குழந்தையை நீங்க தொட்டீங்களா?"

"இல்ல சார்."

அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். சாவிக்காரர்களின் ரத்த சொந்தங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. தம்பி பூவநாதனின் நாலு மாதப் பெண்குழந்தையின் மலத்தில் மூன்றாவது சாவியின் கிருமி இருந்தது. கொஞ்சநஞ்சமாக இல்லை, கோடிக்கணக்கில்.

"சேனை வச்சேன், சார்" என்றாள்.

"என்ன வச்சீங்க?"

அவள் சொன்னாள். பூவநாதனுக்கும் மேகலாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், பிறந்த அன்று மத்தியானம், மேகலா ஒரே பிடியாக நின்றாள். பிள்ளைக்குச் சேனையாக முதல் சொட்டு இனிப்பை நாக்கில் தொட்டுவைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கோபக்காரர் வைத்தால் கோபக்காரப் பிள்ளை, அழுமூஞ்சி வைத்தால் அழுமூஞ்சி. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். 'மதினி, உங்களை மாதிரி வரணும் எம்பிள்ளை. வேற யார் கையும் வேண்டாம்' என்றாள் மேகலா. செங்காய்ச்சலில் தாய் தகப்பன் இருவரும் ஒரே வாரத்தில் போனபோது, பத்து வயசுப் பூவநாதனைத் தூக்கி நிறுத்தியவள் செண்பகவல்லி. மேகலா சொன்னது வெறும் முகஸ்துதி இல்லை.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தாள். கழுவினால் ஆறு மணி நேரம் கிருமி எழும்பாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வளர்ந்தவர்கள் உடம்பில் பட்டாலும் அது குடியேறாது, அங்கே ஏற்கனவே இருக்கிற கிருமிகள் இடம் கொடுக்காது என்றும் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கருப்பட்டித் தண்ணியில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. பதினொரு வருஷத்தில் அவள் விரலில் பட்ட முதல் மனிதச் சூடு அது. பொய் சொல்வானேன், அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னும் ரெண்டு நொடி கூடவே வைத்திருந்தாள்.

ஆல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விதிப்புத்தகம் எழுதினவங்க யாரும் நம்ம ஊர்ப்பக்கம் வந்ததில்லை. கைகுலுக்குறது, கட்டிப்பிடிக்கிறது, முத்தம், எல்லாம் எழுதிட்டாங்க. பிறந்த பிள்ளை வாயில விரலை வைப்பாங்கன்னு ஒருத்தனும் யோசிக்கலை. பெரியவங்க வயிறு திருவிழாக் கூட்டம் மாதிரி, உள்ள நுழைய இடமில்லை. பிறந்த பிள்ளை வயிறு காலி வீடு. முதல்ல யார் போறாங்களோ அவங்களுக்குத்தான் பட்டா."

"சரி சார், அதனால பிள்ளைக்கு ஏதும் நோய்…"

"நோயெல்லாம் கிடையாது. ஆனா அது கையை வாயில வைக்கிற வயசு. அந்தக் கை கதவைத் திறக்கும்."

"அப்போ எனக்கு வேலை வேண்டாம் சார். மூணாம் சாவியையே எடுத்துருங்க. கதவுகிட்ட மறக்கச் சொல்லிருங்க."

"அதுக்கு மறதி கிடையாது. உயிரோட சேர்த்து வளர்த்தது. மாத்தணும்னா மொத்தச் சவ்வையும் கொன்னுட்டுப் புதுசா வளர்க்கணும். வளர்க்கிறதுக்கான வித்தும் உள்ளதான் இருக்கு, இப்பவே வெளிய எடுத்து வளர்த்தாலும் மூணு வருஷம் ஆகும். பூட்டு செத்தா கதவு திறக்காது, உடைச்சா உள்ள இருக்கிற அத்தனையும் எரிஞ்சுரும். அப்படித்தான் கட்டியிருக்கு. பூட்டை மாத்த முடியாது, செண்பகவல்லி. சாவியைத்தான் அழிக்கணும்."

சாவியை அழிக்க ஒரு முறிவு மருந்து இருந்தது. வேலையை விட்டுப் போகிற சாவிக்காரரின் கையில் அதைத் தடவுவார்கள். ஒருநாள் அரிக்கும், தோல் உரியும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைக்கு அதை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் இருப்பவை ஒரே நேரத்தில் செத்தால் அவை கக்குகிற விஷம் ரத்தத்தில் ஏறும்.

"நாலு மாசக் குழந்தை தாங்குமா, சார்?"

"நூத்துக்கு அறுபது தாங்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"மீதி நாப்பது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

"போன வருஷம் வடக்கே ஒரு சாவிக்காரரைத் தூக்கிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்குல்லா? நாலு பேர், ரெண்டு வண்டி, ஒரு துப்பாக்கிச் சண்டை. உங்களைத் தூக்கணும்னா அவ்வளவு ஆள் வேணும். இந்தப் பிள்ளையை ஒரு கூடையில வச்சு பஸ்ல கொண்டு போயிரலாம். எனக்குப் பத்து நாள்தான் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள தம்பியையும் சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவள் கூட்டிக்கொண்டு வரவில்லை. போன் பண்ணி, பிள்ளை குப்புற விழுந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள். விழுந்துவிட்டது, இனி ஓரிடத்தில் நிற்காது என்று மேகலா சிரித்தாள். செண்பகவல்லி போனை வைத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பூட்டுக்குத் தீனி வைக்கும் முறை அவளுடையது. தினமும் ஒரு சாவிக்காரர் ஒரு குவளைச் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஆறவைத்து, கதவில் இருக்கிற குழாய் வழியாக ஊற்ற வேண்டும். காவலர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். பதினொரு வருஷமாகப் பார்த்த காட்சியை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? கழிப்பறை கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் இரண்டு கரண்டி எடுத்துப் பாகில் கலந்தாள். குழாயில் ஊற்றினாள்.

தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மாவின் உதடுகள் சிவந்து வெடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் காய்ச்சல் திரும்பி வந்தால் தடுக்கிற ஒரே வித்து இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இனி அது யாருக்கும் கிடைக்காது. எத்தனை பேருக்கு அது எமனாகும் என்று எண்ணிப்பார்க்க முயன்றாள், முடியவில்லை. முகம் தெரியாத ஆயிரம் பேரை விட, நாக்கைச் சப்புக்கொட்டிய ஒரு பிள்ளை கனமாக இருந்தது. தப்புத்தான். தப்பென்று தெரிந்தேதான் செய்தாள்.

அரைமணி நேரத்தில் சவ்வு வெந்த முட்டை மாதிரி வெளுத்தது. அவள் உறையைக் கழற்றிவிட்டு கையை அதன்மேல் வைத்தாள். கதவு அசையவில்லை.

ஆல்வின் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். ஒரே காலையில் பத்து வயசு கூடியவர் மாதிரி இருந்தார்.

"என்னை உள்ள தள்ளுங்க சார்" என்றாள். "பிள்ளை இனி வெறும் பிள்ளைதான. அது போதும்."

"உங்களை உள்ள தள்ளினா ஏன்னு சொல்லணும். ஏன்னு சொன்னா பூட்டு செத்துட்டதுன்னு சொல்லணும். மூலவித்து போச்சுன்னு சொல்லணும். அதை நம்பி இந்தத் தேசம் தூங்கிட்டிருக்கு. மேல பேசிட்டேன். பூட்டு உயிரோடதான் இருக்கு, மத்த யாரையும் இனி கதவுகிட்ட விடமாட்டேன். நீங்களும் வேலையிலதான் இருக்கீங்க. புரியுதா?"

"பிள்ளை?"

"பூட்டு செத்தது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மேல ரெண்டு பேருக்குத் தெரியும். வெளிய இருக்கிறவனுக்கு?"

"வெளிய யாருக்கு சார் பிள்ளையைப் பத்தித் தெரியும்?"

"அந்த ரிப்போர்ட் ஏழு பேர் கை மாறி என் மேசைக்கு வந்திருக்கு. ஏழு பேர்ல ஒருத்தன் திங்கக்கிழமையிலருந்து வேலைக்கு வரலை. வீடும் காலி."

செண்பகவல்லிக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இறங்கியதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்போ சொல்லிருங்க சார்! பூட்டு போயிட்டுது, இனி எந்தச் சாவியும் செல்லாதுன்னு பேப்பர்ல போட்டுருங்க. என்னைத் தூக்குல வேணும்னாலும் போடுங்க."

"சொன்னா நம்புவானா? ஒரு கதவைத் திறக்கிற பிள்ளை இருக்குன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்ச மறுவாரமே, அந்தக் கதவு இனி திறக்காதுன்னு அரசாங்கம் அறிவிச்சா, நீங்க நம்புவீங்களா? நான் திருடனா இருந்தா, அதைக் கேட்ட பிறகுதான் அவசரமா பிள்ளையைத் தேடுவேன்."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பார்கள். அவள் பாலையே கொட்டிவிட்டாள், பூனை போகவில்லை.

"ஒரே வழிதான் இருக்கு" என்றார் ஆல்வின். "பிள்ளை சாகணும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னார், "ஊருக்கு. ஊருக்கு மட்டும்."

மறுநாள் பூவநாதனிடமும் மேகலாவிடமும் அவர்தான் பேசினார். செண்பகவல்லி சுவரோடு சாய்ந்து நின்றாள். மேகலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். அறையப்போகிறாள் என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"உங்களை மாதிரி வரணும்னு நான்தான மதினி கேட்டேன்" என்றாள் மேகலா. "உறையைக் கழட்டுங்க. இனி தொட்டாத்தான் என்ன? ஒரு தடவை நல்லாத் தூக்கிக்கோங்க. பெறகு எப்பப் பாக்கப்போறீங்களோ."

வெறும் கையோடு தூக்கினாள். பிள்ளையின் முதுகு வேர்த்திருந்தது. அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. பெயர்கூட இன்னும் முடிவாகவில்லை, இனி வைக்கப்போகிற பெயர் அவளுக்குத் தெரியவும் போவதில்லை. எந்த ஊர், என்ன பெயர், எந்த போன் எண் என்று எதையும் கேட்கக்கூடாது என்று ஆல்வின் சொல்லியிருந்தார். உங்களுக்குத் தெரியாததை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்றார். அவர் தொழிலில் அது பாலபாடம்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வண்டியில் வெள்ளைத்துணி சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று கோவில்பட்டி வீட்டுக்கு வந்தது. தொற்றுக்காய்ச்சல், துணியை விலக்கக்கூடாது என்று கூட வந்த ஆள் சொன்னான். மேகலா ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடப்பதாகச் சொல்லப்பட்டது. அவள் அந்நேரம் பிள்ளையோடு எங்கோ போய்க்கொண்டிருந்தாள். பூவநாதன் பொட்டலத்தை இரண்டு கையிலும் வாங்கினான். வாங்கியதும் அவன் முழங்கால் மடங்கியது. தெற்கே ஓடைக்கரை இடுகாடு வரைக்கும் அவன் அழுத அழுகையைக் கேட்டு ஊரே அழுதது. உள்ளே தலையணையோ பஞ்சோ இருக்கும் என்று நினைத்திருந்த செண்பகவல்லி, தம்பிக்கு இப்படி நடிக்கத் தெரியும் என்று அன்றுதான் கண்டாள். மறுநாளே அவனும், மனைவியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டான்.

கேதம் கேட்க, துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒருத்தி வேண்டுமே. செண்பகவல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்தாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? கிருமிக் கதவைத் தொட்ட கையால் சேனை வைத்தாள், பிள்ளை எப்படித் தங்கும் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் மறுக்கவில்லை. பேச்சு பரவப் பரவ நல்லது. பிள்ளை செத்தது நிஜம் என்று நாலு ஊருக்குத் தெரியட்டும்.

ஆறாம் நாள் காலை பத்து மணி வாக்கில் ஒருவர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், தேய்த்த சட்டை. பூவநாதனோடு மில்லில் வேலை பார்த்ததாகச் சொன்னார். செம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்தார்.

"கேள்விப்பட்டதுலருந்து மனசே சரியில்லம்மா. எத்தனை வருசம் தவமிருந்து பெத்தது."

"ஆமாய்யா."

"எங்க அடக்கம் பண்ணினீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வந்த முப்பது, நாற்பது பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பிள்ளையைத் தேடுகிற ஆள் இவன்தான் என்று செண்பகவல்லிக்குப் பட்டது. இவன் தோண்டுவான். தோண்டினால் தலையணைதான் இருக்கும். அவள் யோசிக்கவேயில்லை.

"அடக்கம் பண்ணலைய்யா. எரிச்சிட்டோம்."

"ஓ" என்றார் அவர். செம்பைக் கீழே வைத்தார். எழுந்தார். கேத வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது தெரிந்த ஆள். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பக்கத்து முறை தெரிந்த ஆள். பால்குடி மறக்காத பிள்ளையை இந்தப் பக்கத்தில் எவரும் எரிப்பதில்லை, மண்ணில்தான் வைப்பார்கள். அது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஊரில் யாரைக் கேட்டாலும் ஓடைக்கரையைக் காட்டுவார்கள்.

ஆல்வினைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"எரிச்சோம்னா சொன்னீங்க?"

"தோண்டினா ஒண்ணும் இருக்காதே சார். தலையணையைத்தான பார்ப்பான்."

"தலையணை இல்லை" என்றார் ஆல்வின். "நிஜமாவே ஒரு பிள்ளை இருக்கு. நாலு மாசம். ஆஸ்பத்திரியில போட்டுட்டுப் போயிட்டாங்க, செத்த பிறகும் கேட்டு யாரும் வரலை. உங்க தம்பிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

தம்பியின் முழங்கால் மடங்கியது அவள் கண்முன் வந்தது.

"அவன் தோண்டிப் பார்க்கட்டும்னுதான் வச்சேன், செண்பகவல்லி. பார்த்துட்டு நிம்மதியாப் போயிருப்பான்."

"சார், இப்போ என்ன செய்யுறது?"

"குழியை நீங்க மறைச்சதும், பிள்ளை உயிரோட இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி அவன் தோண்ட மாட்டான்" என்றார் அவர். "தேடுவான்."

போனை வைத்துவிட்டார். அவர் அடுத்து யாரைக் கூப்பிடுகிறார், எந்த ஊருக்குக் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, அடுத்து கேதம் கேட்க வருகிறவர்களுக்காக அவள் பாயை மறுபடி விரித்துப் போட்டாள்.